டயர் கறுத்த வரலாறு

வெளி மாநிலங்களில் வாழும் நம் அன்பர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. நெடுஞ்சாலை ஓரத்தில் பேருந்துக்குக் காத்து நிற்கும்போது, நாமக்கல் என்றோ சங்ககிரி என்றோ தமிழில் எழுதிய சரக்கு லாரி ஒன்று கடந்து செல்கிறது. எழுத்தைக் கண்ட மகிழ்ச்சியில் நாம் அதன் சக்கரங்களைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அவற்றின் நிறத்தைப் பற்றி எண்ணுவதில்லை. டயர் என்றால் கறுப்பு என்று இருந்துவிடுகிறோம்.

ஆனால் ரப்பர் மரத்தைக் கீறினால் வடிவது பாலைப் போன்ற வெண்ணிறத் திரவம். அதை உறையவைத்துத் தகடாக்கி உலர்த்தினால் தேன் நிறமோ பழுப்பு நிறமோ பெறுகிறது. எந்த நிலையிலும் அது தானாகக் கறுப்பதில்லை. அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று கேட்டால் இரண்டு நூற்றாண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது. கறுப்பைச் சேர்த்தவர்கள் 1904ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டார்கள். அது ரப்பருக்குள் சென்று என்ன செய்கிறது என்பதை ஓரளவேனும் விளங்கிக்கொள்ள மேலும் நூறு ஆண்டுகள் ஆயின. அந்த நூறு ஆண்டு வரலாற்றையே இன்று நாம் சுருக்கமாகக் காண்போம்.

முதலில் ரப்பரின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தின் வடபகுதியில் கெண்டல் என்னும் ஊரில் ஜான் காஃப் என்பவர் வாழ்ந்தார். இளமையிலேயே பெரியம்மையால் பார்வை இழந்தவர். கண்ணால் காண இயலாத அப்பெரியார் தொடு உணர்ச்சியைக் கொண்டே ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். ரப்பர்ப் பட்டையைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது. சிறிது நேரம் இழுத்தபடியே வைத்திருந்து பின்னர்ச் சட்டென்று தளர்த்தி உதட்டில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறது. 1805ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார். அகலமான ரப்பர் வளையம் ஒன்று வீட்டில் இருந்தால் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீள்வதற்குப் பதிலாகச் சுருங்குகிறது என்பதையும் காஃப் கண்டார். 1859இல் ஜூல் என்னும் புகழ்பெற்ற பௌதிக அறிஞர் இச்சோதனைகளை நுட்பமான கருவிகளால் செய்து உறுதிப்படுத்தினார். இரும்பும் செம்பும் சூட்டில் நீளும்போது ரப்பர் மட்டும் ஏன் மாறாக நடக்கிறது என்பதற்கு அன்று எவரிடமும் விடை இல்லை.

இதற்கிடையில் ரப்பர்த் தொழில் வளர்ந்துவிட்டது. பச்சை ரப்பர் கோடையில் இளகி ஒட்டும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பருடன் கந்தகத்தைக் கலந்து சூடேற்றினால் இக்குறைகள் நீங்குவதைக் கண்டார். வல்கனைசு செய்தல் என்று இதற்குப் பெயர் வந்தது. 1888இல் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த டயரைச் செய்தார். மிதிவண்டிகளும் மோட்டார் வண்டிகளும் ஓடத் தொடங்கின. கந்தகம் ஏன் இவ்வாறு செய்கிறது என்பதை அறியாமலேயே உலகம் அந்த டயர்களின்மேல் சவாரி செய்தது.

அந்தக் காலத்து டயர்கள் கறுப்பாக இருக்கவில்லை. ரப்பரைக் கெட்டிப்படுத்துவதற்காகத் துத்தநாக ஆக்ஸைடு என்னும் வெள்ளைப் பொடியைக் கலந்தார்கள். ஆகையால் டயர்கள் வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தன. பிரான்ஸ் நாட்டு மிஷலின் நிறுவனம் 1898இல் ஒரு விளம்பர உருவத்தை அறிமுகம் செய்தது. டயர்களை அடுக்கி வைத்தாற்போன்ற பருத்த மனிதனின் உருவம் அது. டயரெல்லாம் கறுத்துப்போன பின்பும் அந்த மனிதன் வெள்ளையாகவே இருக்கிறான். பழைய டயரின் நிறத்துக்கு அவனே சாட்சி.

லண்டன் மாநகரின் கிழக்கே தேம்ஸ் நதிக் கரையில் சில்வர்டவுன் என்னும் தொழிற்பகுதியில் ஒரு கம்பெனி இருந்தது. அதன் பெயரில் ‘இந்தியா ரப்பர்’ என்ற சொற்கள் இருந்தன. நம் நாட்டுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மேற்கிந்தியத் தீவுகளையும் அவற்றை அடுத்த நாடுகளையும் இந்தியா என்று தவறாக அழைத்த காலத்தின் எச்சம் அது. 1904ஆம் ஆண்டில் அங்கே தலைமை இரசாயனியாக இருந்த எஸ். சி. மோட் என்பவர், ரப்பருடன் புகைக்கரியைக் கலந்தால் அது மிகுந்த வலிமை பெறுவதைக் கண்டார். அமெரிக்காவில் ஆக்ரான் நகரத்துக் குட்ரிச் நிறுவனம் 1912ஆம் ஆண்டளவில் இம்முறையை வாங்கி டயர்களில் பெருவாரியாகப் பயன்படுத்தத் தொடங்கியது. தன் டயருக்குச் சில்வர்டவுன் என்றே பெயரிட்டு விற்றது. வெள்ளை டயரைவிடக் கறுப்பு டயர் பல மடங்கு தூரம் ஓடித் தேய்ந்தது. பிற கம்பெனிகளும் அவ்வழியைப் பின்பற்றின.

புகைக்கரி நமக்குப் புதிய பொருள் அன்று. விளக்குச் சுடரின்மேல் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்த கரியை எண்ணெயில் குழைத்துத்தான் நம் பாட்டிமார் கண்ணுக்கு மை செய்தார்கள். எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்துகள் விளங்கித் தோன்றும்பொருட்டு நம் முன்னோர் பூசியதும் இதே கரிதான். சீனர்கள் இதனைக்கொண்டு மை செய்தார்கள். மேல்நாட்டில் அச்சு மைக்கு இது பயன்பட்டது. இயற்கை வாயுவைச் சிறு சிறு சுடர்களாக எரித்து, அச்சுடர்கள் இரும்புச் சட்டங்களின்மேல் படும்படி செய்து, படிந்த கரியைச் சுரண்டி எடுக்கும் முறை அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. 1943இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் போர்கர் என்னும் ஊரில் எண்ணெயை மூடிய உலையில் போதிய காற்றில்லாமல் எரித்துக் கரி எடுக்கும் முறை வந்தது. உலகெங்கும் இன்று பெரும்பாலும் இந்த உலை முறையே நடைபெறுகிறது. டயர்த் தொழிலில் அதைக் கார்பன் பிளாக் என்று அழைக்கிறார்கள்.

இக்கரியின் முழு மதிப்பை உலகம் உணர்ந்தது இரண்டாம் உலகப் போரில். 1942இன் தொடக்கத்தில் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குச் சென்றன. நேச நாடுகளுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் மிகப் பெரும்பகுதி நின்றுபோயிற்று. ரப்பர் இல்லையேல் லாரி இல்லை, விமானம் இல்லை, போரும் இல்லை என்ற நிலை. அமெரிக்கா செயற்கை ரப்பரில் இறங்கியது. 1945ஆம் ஆண்டளவில் அதன் உற்பத்தி ஆண்டுக்கு ஏழு லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. ஆனால் ஸ்டைரீன், பூட்டாடையீன் என்ற இரு பொருள்களால் ஆன அந்தச் செயற்கை ரப்பருக்கு ஒரு பெருங்குறை இருந்தது. இயற்கை ரப்பரை வலிந்து இழுத்தால் அதன் உள்ளே படிகங்கள் தோன்றி அதற்கு உறுதி தருகின்றன. 1925இல் காட்ஸ் என்பவர் எக்ஸ் கதிர்களால் இதனைக் கண்டறிந்தார். செயற்கை ரப்பரில் அவ்வாறு படிகம் தோன்றுவதில்லை. தனியாக இழுத்தால் அது எளிதில் அறுந்துவிடும். புகைக்கரியைக் கலந்தால் அதே ரப்பரின் இழுவலிமை ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. கரி இல்லாதிருந்தால் அந்த ஏழு லட்சம் டன்னைக் கொண்டு டயர் செய்திருக்க முடியாது.

பத்து மடங்கு வலிமையை ஒரு சாதாரணக் கரி எவ்வாறு தருகிறது என்று கேட்பதற்கு முன், ரப்பர் என்பது எதனால் ஆனது என்பது தெளிவாக வேண்டியிருந்தது. சிறு மூலக்கூறுகள் பல திரண்டு ஒட்டிக்கொண்ட கூட்டமே ரப்பர் என்று இரசாயன அறிஞர் பலர் நெடுங்காலம் நம்பினர். 1920இல் ஜெர்மானிய அறிஞர் ஸ்டவுடிங்கர் இதனை மறுத்தார். ஆயிரக்கணக்கான உறுப்புகள் ஒன்றோடொன்று கோத்து, ஒரே நீண்ட சங்கிலியாக அமைந்த மூலக்கூறே ரப்பர் என்றார். பெரிய அறிஞர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. ஆயினும் அவர் கூறியதே உண்மையாயிற்று. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாலிமர் என்று நாம் இன்று அழைக்கும் பொருள்களெல்லாம் இத்தகைய சங்கிலிகளே.

இந்தச் சங்கிலிகள் ஓய்ந்து கிடப்பவை அல்ல. வெப்பத்தின் காரணமாக ஒவ்வொரு சங்கிலியும் இடைவிடாது நெளிந்துகொண்டிருக்கிறது. ஒரு கூடையில் நெருக்கமாகக் கிடக்கும் மண்புழுக்களை எண்ணிப் பாருங்கள். அவ்வாறு நெளியும் சங்கிலி நேராக நிற்பது அரிது. சுருண்டு கிடப்பதற்கே வழிகள் மிகுதி. நாம் ரப்பரை இழுக்கும்போது அவற்றை நேராக்குகிறோம். விட்டவுடன் அவை மீண்டும் சுருண்டுவிடுகின்றன. சூடேற்றினால் நெளிவு மிகுகிறது. ஆகவே சுருங்கும் ஆற்றலும் மிகுகிறது. காஃப் தம் உதட்டால் உணர்ந்த புதிருக்கு 1934இல் கூன், கூத், மார்க் ஆகிய அறிஞர்கள் தந்த விளக்கம் இதுவே. கந்தகம் செய்வதும் இப்போது எளிதில் விளங்குகிறது. அது சங்கிலிகளுக்கிடையே ஆங்காங்கே பாலம் கட்டுகிறது. ஆகையால் சங்கிலிகள் நெளியலாம், ஆனால் ஒன்றைவிட்டு ஒன்று வழுவிப் போக முடியாது.

ரப்பரின் மீள்சக்தி சங்கிலிகளின் நெளிவே என்று ஆகிவிட்டது. அங்கே ஒரு கரித் துகளைக் கொண்டு வைத்தால் அந்த நெளிவு என்ன ஆகும்? புகைக்கரி ஆராய்ச்சி முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது.

துகளின் அளவை முதலில் கவனிப்போம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். டயரில் பயன்படும் கரியின் அடிப்படைத் துகள் ஏறத்தாழ 20 முதல் 50 நானோமீட்டர் வரை குறுக்களவு உடையது. இத்துகள்கள் தனித்தனியே நிற்பதில்லை. உலையிலேயே ஒன்றோடொன்று இணைந்து, திராட்சைக் குலைபோலக் கிளைத்த கொத்துகளாக வெளிவருகின்றன. ஆயிரம் நானோமீட்டருக்கு மேற்பட்ட பருமனான பொடியைக் கலந்தால் அது இடத்தை நிரப்பும், விலையைக் குறைக்கும், வலிமை தருவதில்லை. நூறு நானோமீட்டருக்குக் கீழே வந்தால்தான் உண்மையான வலிமை வருகிறது. பரப்பளவே இதற்குக் காரணம். டயரில் வழங்கும் ஒரு நடுத்தர வகைக் கரியில் ஒரு கிராமின் மேற்பரப்பு ஏறத்தாழ 80 சதுர மீட்டர், அதாவது கைப்பந்தாட்டக் களத்தில் பாதி. ஒரு கிலோ கரியின் மேற்பரப்பைக் கணக்கிட்டால் இருபது ஏக்கர் நிலமாகும். அத்தனை பரப்பும் ரப்பர்ச் சங்கிலிகளைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

மற்றோர் ஒற்றுமையும் உண்டு. சுருண்டு கிடக்கும் ஒரு ரப்பர்ச் சங்கிலியின் அளவும் சில பத்து நானோமீட்டரே. டயரின் மேற்பட்டையில் நூறு பங்கு ரப்பருக்கு ஏறத்தாழ ஐம்பது பங்கு கரி எடைப்படி கலக்கிறார்கள். கொள்ளளவில் இது ஐந்தில் ஒரு பங்கு. அந்த நெருக்கத்தில் அடுத்தடுத்த இரு துகள்களுக்கிடையே உள்ள சந்து, சங்கிலிச் சுருளின் அளவுக்கு மேற்படுவதில்லை. ஆகவே பெரும்பாலான சங்கிலிகள் எங்கேனும் ஒரு துகளைத் தொட்டே ஆகவேண்டும். பல சங்கிலிகள் இரண்டு துகள்களைத் தொடுகின்றன.

கணக்கு அறிஞர்கள் இதனைக் கணக்கால் விளக்க முயன்றார்கள். 1906இல் ஐன்ஸ்டைன் ஒரு திரவத்தில் சிறு உருண்டைகளைக் கலந்தால் அதன் பாகுத்தன்மை எவ்வளவு மிகும் என்பதற்குச் சூத்திரம் கண்டார். அதிலிருந்த கணக்குப் பிழையை 1911இல் அவரே திருத்தினார். 1938இல் கூத், கோல்ட் என்ற இருவர் அதனை நெருக்கமான கலவைக்கும் விரித்தனர். ஐந்தில் ஒரு பங்கு கரி கலந்தால் ரப்பரின் விறைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக வேண்டும் என்பது அச்சூத்திரத்தின் விடை. ஆனால் சிறிதளவே அசைத்து அளந்தால் உண்மையான விறைப்பு அதைவிடப் பல மடங்கு மிகுதியாக இருந்தது. கரித் துகள் வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கல் அன்று, அது வேறு எதையோ செய்கிறது என்பதற்கு இந்த வேறுபாடே சான்று.

அது என்ன என்பதற்கு ஒரு தடயம் முன்னரே கிடைத்திருந்தது. 1925இல் ட்விஸ் என்னும் ஆங்கில இரசாயனி ஒரு செய்தியைக் குறித்தார். வல்கனைசு செய்யாத ரப்பரை நல்ல கரைப்பானில் போட்டால் அது கரைந்துவிடும். ஆனால் புகைக்கரியோடு பிசைந்த ரப்பரைப் போட்டால் ஒரு பகுதி கரையாமல் கரியோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. பிணைப்புண்ட ரப்பர் என்று இதனை அழைக்கலாம். துகளின் மேற்பரப்பு அருகிலுள்ள சங்கிலிகளைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. ஒரு சங்கிலியின் ஏதோ ஓர் இடம் துகளில் ஒட்டினால் போதும். அதன் நீளம் முழுவதும் கரைப்பானுக்குத் தப்பிவிடும்.

போருக்குப் பின் இங்கிலாந்தில் இருவர் செய்த சோதனைகள் இத்துறையில் நிலைத்த பெயர் பெற்றன. லெனார்ட் மல்லின்ஸ், கரி கலந்த ரப்பரை ஒருமுறை இழுத்துவிட்டு மறுமுறை இழுத்தால் அது முன்னைவிட மென்மையாகிவிடுவதை 1947 முதல் விரிவாக ஆராய்ந்தார். எவ்வளவு தூரம் முன்பு இழுத்தோமோ அவ்வளவு தூரம் வரை அந்த மென்மை நிற்கிறது. அதனைத் தாண்டினால் பழைய விறைப்பு மீண்டும் தோன்றுகிறது. ரப்பர் தன்னை முன்பு எவ்வளவு இழுத்தார்கள் என்பதை நினைவில் வைத்திருக்கிறது என்றே சொல்லலாம். 1962இல் ஏ. ஆர். பெய்ன் மற்றொன்றை விளக்கினார். ரப்பரை நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக மெல்ல ஆட்டினால் மிக விறைப்பாக இருக்கிறது. நூற்றில் பத்துப் பங்கு அளவு ஆட்டினால் விறைப்பு பெரிதும் வீழ்கிறது. ஓய்வு கொடுத்தால் திரும்ப வருகிறது. கரித் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு ஒரு வலைபோல நிற்கின்றன. சிறிய அசைவில் அந்த வலை தாங்குகிறது, பெரிய அசைவில் அறுந்து பின்னர் மீண்டும் கூடுகிறது என்பது பெய்ன் கூறிய விளக்கம்.

துகள்கள் கோத்த வலையா, துகளைப் பற்றிய சங்கிலிகளா, எது முதன்மை என்ற வாதம் அன்று தொடங்கியது. சங்கிலிகளின் அசைவை நேரே அளக்கக் கருவி வேண்டியிருந்தது. அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்னும் முறை அதற்கு உதவியது. மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. என்று நாம் கேள்விப்படுவதும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தப் புலத்தில் வைத்துத் தூண்டிவிட்டால், அவை பழைய நிலைக்கு மீளும் வேகத்திலிருந்து அவை அமைந்த சங்கிலி விரைவாக நெளிகிறதா, மெதுவாக நெளிகிறதா என்று கூறிவிடலாம். 1971இல் அமெரிக்க அறிஞர்களான காவ்மன், ஸ்லிக்டர், டேவிஸ் மூவரும் கரியோடு பிணைப்புண்ட ரப்பரை இவ்வாறு ஆராய்ந்தனர். அங்கே இருவகை அசைவுகள் தெரிந்தன. துகளை ஒட்டிய ஒரு பகுதி பெரிதும் அடங்கிக் கிடந்தது. அதற்கு வெளியே இருந்த பகுதி அதைவிடத் தாராளமாக நெளிந்தது. ஆயினும் கரி கலவாத ரப்பரைப்போல முழு விடுதலை பெறவில்லை.

அடங்கிக் கிடக்கும் அந்தப் பகுதி எத்தகையது என்பதில் இன்றும் அறிஞரிடையே ஒருமனப்பாடு இல்லை. எந்த ரப்பரையும் மிகவும் குளிரவைத்தால் சங்கிலிகளின் நெளிவு நின்று, அது கண்ணாடிபோல் விறைத்துவிடும். இயற்கை ரப்பருக்கு அந்த வெப்பநிலை சுழிக்குக் கீழே ஏறத்தாழ 70 டிகிரி சென்டிகிரேடு. துகளைச் சுற்றிச் சில நானோமீட்டர் தடிப்புக்கு, சாதாரண வெப்பநிலையிலேயே சங்கிலிகள் கண்ணாடி நிலையில் இருக்கின்றன என்பது ஒரு கொள்கை. பாரிஸ் நகரில் பெரியோ, மோன்ட்டெஸ், லெக்கூ முதலியோர் சிலிக்காத் துகள்களை நன்கு பிணைத்த ஒரு மாதிரி ரப்பரைச் செய்து அளந்து, 2002இல் இக்கொள்கைக்கு ஆதரவான சான்றுகளை வெளியிட்டனர். ஆனால் வெப்பத்தை அளக்கும் முறையில் ஆராய்ந்தால், கரி கலந்த பல ரப்பர்களில் கண்ணாடி நிலைக்கு மாறும் வெப்பநிலை ஏறக்குறைய மாறுவதே இல்லை. இதனை எடுத்துக்காட்டி 2008இல் ராபர்ட்சன், ரோலண்ட் என்ற இருவர் அக்கொள்கையை மறுபரிசீலனை செய்ய வேண்டினர். சங்கிலி துகளில் ஒட்டியிருப்பதால் அதன் நீண்ட அசைவுகள் தடைப்படலாம். ஆனால் அதன் சிறு கூறுகளின் துள்ளல் பெரிதாக மாறாமல் இருக்கலாம். கட்டுத்தறியில் கட்டிய பசு ஊர் சுற்ற முடியாது. ஆயினும் தலையையும் வாலையும் ஆட்டிக்கொண்டுதான் இருக்கும் அல்லவா?

சங்கிலியும் துகளும் எவ்வளவு ஒட்டுகின்றன என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது என்பதற்கு எதிர்மாறான சான்றும் உண்டு. 2003இல் மக்கே என்பவரும் அவர் துணைவரும், உருகிய பாலிஸ்டைரீனில் அதே பாலிஸ்டைரீனால் செய்த மிகச் சிறு உருண்டைகளைக் கலந்தனர். ஐன்ஸ்டைன் சூத்திரத்தின்படி பாகுத்தன்மை மிக வேண்டும். ஆனால் அது குறைந்துவிட்டது! நானோத் துகளைக் கலந்தால் சங்கிலி எப்போதும் அடங்கும் என்று ஒரே விதி சொல்வதற்கில்லை.

இந்த ஆராய்ச்சியெல்லாம் நமக்கு எதற்கு என்று லாரி ஓட்டும் அன்பர் ஒருவர் கேட்கலாம். அவருடைய பணப்பையே இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. டயர் உருளும்போது, தரையைத் தொடும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு நசுங்கலிலும் துகள் வலை சிறிது அறுந்து கூடுகிறது. துகளைப் பற்றிய சங்கிலிகள் உராய்கின்றன. அவ்வாறு செலவான சக்தி சூடாக வெளிப்படுகிறது. லாரியில் எரியும் டீசலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குவரை டயர்களின் உருளல் தடையை வெல்வதற்கே போகிறது. டயருக்கு நீண்ட ஆயுளைத் தந்த அதே பிணைப்புதான் இந்தச் செலவையும் வைக்கிறது. கரியைக் குறைத்தால் டீசல் மிஞ்சும், டயர் தேயும். கரியைக் கூட்டினால் டயர் நிலைக்கும், சூடும் மிகும். நனைந்த சாலையில் வழுக்காமல் நிற்பது மூன்றாவது தேவை. தேய்மானம், உருளல் தடை, ஈரப் பிடிப்பு ஆகிய மூன்றில் ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடும் என்பது டயர்த் தொழிலில் நெடுங்கால அனுபவம்.

இம்முடிச்சை அவிழ்க்க உதவியது சங்கிலி அசைவைப் பற்றிய அறிவே. உருளும்போது ரப்பர் விநாடிக்குப் பத்து, இருபது முறை அளவில் அசைகிறது. ஈரச் சாலையில் பிரேக் போடும்போதோ, சாலையின் நுண்ணிய கரடுமுரடில் உராய்ந்து விநாடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்கிறது. முன்னதில் சூடு குறைவாகவும் பின்னதில் மிகுதியாகவும் இருக்க வேண்டும். இதற்குச் சிலிக்கா ஏற்றதாயிற்று. மணலும் சிலிக்காவே, ஆனால் இங்கே வேண்டுவது இரசாயன முறையில் படியவைத்த நானோத் துகள். சிலிக்காவின் மேற்பரப்பு நீரை விரும்பும். ரப்பரோ எண்ணெய்த்தன்மை உடையது. இரண்டும் சேரா. ஆகவே ஒரு முனையில் சிலிக்காவையும் மறு முனையில் ரப்பர்ச் சங்கிலியையும் பிடித்துக்கொள்ளும் சிலேன் என்னும் இணைப்புப் பொருளை ஜெர்மனியில் டெகுஸ்ஸா நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியது. அந்தப் பிணைப்பு இரசாயனப் பிணைப்பாதலால் வழுவி உராய்வதில்லை. துகள்கள் தம்முள் கூடி வலையாவதும் குறைகிறது. 1992இல் மிஷலின் நிறுவனம் இம்முறையில் செய்த கார் டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஈரப் பிடிப்பு கெடாமலேயே உருளல் தடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்த டயரும் கறுப்பாகத்தான் இருக்கிறது. சூரிய ஒளி ரப்பரைக் கெடுக்காதபடி காப்பதற்குச் சிறிது கரி இன்றும் வேண்டியிருக்கிறது. லாரி டயர்களில் இயற்கை ரப்பரும் புகைக்கரியும் இன்னும் பெரும்பங்கு வகிக்கின்றன.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. 1902இல் கேரளத்தில் பெரியாற்றங்கரையில் தட்டேக்காடு என்னுமிடத்தில் வணிக முறையிலான ரப்பர்த் தோட்டம் அமைந்தது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் பரவியது. கோட்டயத்தில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1955இல் தோன்றியது. வங்காளத்தில் ஹூக்ளிக் கரையிலுள்ள சாஹாகஞ்சில் டன்லப் நிறுவனம் 1936இல் டயர் செய்யத் தொடங்கியது. 1960இல் அமைக்கப்பெற்ற பிலிப்ஸ் கார்பன் பிளாக் நிறுவனம் துர்காபூரில் புகைக்கரி ஆலையை நிறுவியது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் 1946இல் குழந்தைகளுக்கான பலூன் செய்து பிழைப்பைத் தொடங்கிய ஒரு சிறு தொழில், 1952இல் தேய்ந்த டயரின்மேல் ஒட்டும் ரப்பர்ப் பட்டைக்கு மாறி, பின்னர் மெட்ராஸ் ரப்பர் பாக்டரி என்னும் பெருநிறுவனமாக வளர்ந்தது. நெல் உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா என்பதால், அதிலிருந்து டயருக்கான சிலிக்காவை எடுக்கும் முயற்சியும் இந்நூற்றாண்டில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அரிசி ஆலைகளின் பின்புறம் குவிந்து கிடக்கும் உமிக்கு இது நல்ல பயன்.

மோட் முதலானோர் தொழிற்கூடத்தில் கையால் பிசைந்து, இழுத்து, தேய்த்துப் பார்த்துக் கண்டதை அறிஞர்கள் நூறாண்டாக விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். விளக்கம் ஒரு படி முன்னேறியதும் டயரும் ஒரு படி முன்னேறியது. தொழிலும் ஆராய்ச்சியும் இவ்வாறு ஒன்றுக்கொன்று கைகொடுத்து வந்திருக்கின்றன.

முடிவாக ஒரு சோதனை. நீண்ட பயணத்துக்குப் பின் பேருந்தோ உங்கள் ஸ்கூட்டரோ நின்றவுடன் அதன் டயரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். காஃப் தம் உதட்டில் உணர்ந்த சூடு, ரப்பரைத் தளர்த்தினால் திரும்பிப் போய்விடும் சூடு. டயரில் நீங்கள் உணர்வதோ திரும்பாத சூடு. சங்கிலிகளும் துகள்களும் உராய்ந்து உங்கள் எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டது. காற்றுக் குறைந்த டயர் மிகுதியாக நசுங்குவதால் இச்சூடும் மிகுந்து, சில வேளை டயர் வெடிப்பதற்கும் காரணமாகிறது. ஆகவே புறப்படுமுன் காற்றை அளந்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.